இரண்டு பேர் சேர்ந்து ஒரு ராக் ஆல்பம் போடுவது எப்படி?

சேர்ந்ததும் புதுப்பாட்டு எழுத உட்காராதீர்கள், முதலில் ஒருவர் பாட்டை மற்றவர் பாடிப் பாருங்கள். பாடி, கிட்டாரும் வாசிக்கும் கோர்ட்னி பார்னெட்டும் கர்ட் வைலும் 2017-இல் சேர்ந்து போட்ட ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பத்திலேயே அவர் பாட்டு ஒன்றை இவரும், இவர் பாட்டு ஒன்றை அவரும் பாடியிருக்கிறார்கள். இப்படிச் செய்தால் கூட இருப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்பதெல்லாம் பிடிபடும், இரண்டு குரலுக்கும் எந்தச் சுருதி ஒத்துவரும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் கிட்டார். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான், ஏனென்றால் இருவரும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) ஒரே இடத்தில் பிடித்து, ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருப்பார்கள், கேட்டால் ஒரு கிட்டாரைச் சத்தமாக வைத்த மாதிரிதான் இருக்கும். ஒருவர் கேப்போ (கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இல்லாமல் ஜி, சி என்று வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டத்தில்) கேப்போ போட்டு டி, ஜி வடிவங்களைப் பிடித்தால் அதே கார்டுகள்தான் வரும், ஆனால் மேலே, மெல்லிசாக. ஸ்டீரியோவில் ஒன்றை இடது பக்கமும் இன்னொன்றை வலது பக்கமும் தள்ளிவிடுங்கள். டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) ஒருவருக்குப் போதும். இருவருக்குமே வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒருவர் கெய்னை, அதாவது அந்தக் கரகரப்பின் அளவை, குறைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் குரல் அடியில் மாட்டிக்கொள்ளும்.

வேறு வேறு ஊரில் இருந்து ரெக்கார்ட் செய்கிறீர்களா? டெம்போ (பாட்டின் வேகம்), சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவது), டியூனிங் மூன்றையும் முதலிலேயே பேசி முடியுங்கள். ஒருவர் 44.1, மற்றவர் 48 கிலோஹெர்ட்ஸ் வைத்திருந்து சாஃப்ட்வேர் அதை மாற்றிக்கொள்ளாமல் விட்டால், வேகம், சுருதி இரண்டுமே பிசகி சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தூரம் ஒரு செமிடோன்) தள்ளிப்போகும். நான் 24 பிட், 48 என்றே வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு ட்ராக்கையும் (ஒரு கருவி அல்லது குரலின் தனிப் பதிவையும்), கிட்டார் நடுவில்தான் வருகிறது என்றாலும், பாட்டின் தொடக்கத்திலிருந்தே எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள், அப்போதுதான் வாங்குபவர் அப்படியே போட்டால் சரியாக உட்காரும். எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டையும் அனுப்பிவிடுங்கள்.

காசு விஷயத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பாட்டை எழுதிய உரிமை வேறு, ரெக்கார்டிங்குக்கான உரிமை வேறு. வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாதிப் பாதி என்றாலும் எழுத வேண்டும், சிநேகிதர்கள் என்றால் கண்டிப்பாக எழுத வேண்டும்.

மிக்ஸிங்கை, அதாவது எல்லா ட்ராக்கையும் அளவு பார்த்துச் சேர்ப்பதை, மூன்றாவது ஆள் ஒருவரிடம் விடுவது நல்லது, நீங்களே செய்தால் அவரவர் கிட்டார் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். வினைல் இசைத்தட்டில் போடும் எண்ணம் இருந்தால், எல்பியில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடத்தைத் தாண்டாதீர்கள், தாண்டினால் சத்தம் குறைந்துவிடும். மிஞ்சுகிற பாட்டுகளைத் தனியே சிங்கிளாக விடலாம்.