ஏஐ கோடிங் உதவியாளரை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைப்பது எப்படி: முதலில் பூட்டு, அப்புறம் இணைப்பு

கர்சர், கிளாட் கோட், விஎஸ் கோடில் வரும் கோபைலட் என்று எதைப் பயன்படுத்தினாலும் ஒரு தொல்லை பொதுவாக உண்டு. உங்கள் டேபிளில் என்னென்ன ஃபீல்டுகள் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது, அதனால் தானே ஒரு பெயரை ஊகித்து க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதிக் கொடுக்கும், ஓட்டிப் பார்த்தால் அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று பிழை வரும். டேட்டாபேஸை அதுவே நேராகப் பார்க்க விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். இணைக்கிற வேலை சின்னதுதான். அதற்கு முன்னால் செய்யவேண்டிய அனுமதி வேலையைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள், அதனால் இங்கே பாதி அதைப் பற்றியே.

தேவையானவை: கணினியில் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்), நோட் ஜேஎஸ் (இணைப்பு நிரலை ஓட்ட), மேலே சொன்ன கருவிகளில் ஒன்று. பழகுவதற்கு பகிலா என்ற மாதிரி டேட்டாபேஸை இறக்கிக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு இருக்கும் சகிலாவை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியது அது. டிவிடி வாடகைக் கடை ஒன்றின் கணக்கு, 1000 படங்கள், வாடிக்கையாளர்கள், வாடகை, பணம் எல்லாம் இருக்கும். அலுவலகத்தின் உண்மையான டேட்டாபேஸில் பழக வேண்டாம். ஏஐ படிக்கிற ஒவ்வொரு வரியும் அந்த மாடலை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் வருகிறது.

படி 1: தனி ரோல் (டேட்டாபேஸ் கணக்கு)

போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் எல்லா உரிமையோடும் இருக்கும் சூப்பர்யூசர் கணக்கை ஏஐயிடம் கொடுக்கவே கூடாது. பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தட்டும் நிரல்) நுழைந்து ‘கிரியேட் ரோல்’ கட்டளையால் லாகின் வசதியும் கடவுச்சொல்லும் உள்ள புது ரோல் ஒன்றை உருவாக்குங்கள், பெயர் ‘வாசகன்’ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு பப்ளிக் ஸ்கீமா (டேபிள்கள் இருக்கும் தொகுப்பு) மீது ‘யூஸேஜ்’ (உள்ளே நுழையும் உரிமை), அதில் உள்ள எல்லா டேபிள்கள் மீதும் ‘செலக்ட்’ (படிக்கும் உரிமை), இந்த இரண்டை மட்டும் ‘கிராண்ட்’ கட்டளையால் கொடுங்கள். இந்த ‘செலக்ட்’ இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான். நாளைக்கு நீங்கள் உருவாக்கும் டேபிள் தானாக இதில் சேராது, அதற்கு ‘ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது, டேபிளை உருவாக்கப்போகும் ரோலுக்காக அதை ஓட்டிவைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் பதிப்பு 14 அல்லது அதற்கு முந்தையது என்றால் இன்னொன்றும் உண்டு: பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்பதுதான் அவற்றின் இயல்பு அமைப்பு. படிக்க மட்டும் என்று நீங்கள் நினைத்த ரோல் அங்கே தாராளமாகப் புது டேபிள் போடும். ‘ரிவோக் கிரியேட்’ கொடுத்து பப்ளிக்கிடமிருந்து (இங்கே எல்லா ரோல்களும் என்று பொருள்) அந்த உரிமையைப் பிடுங்குங்கள். 15இல் இதை மாற்றிவிட்டார்கள், ஆனால் பழையதிலிருந்து மேம்படுத்திய டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே தொடரும்.

சரி, இப்போது அந்த ரோலாகவே உள்ளே போய் வாடகை டேபிளில் ஒரு வரியை அழித்துப் பாருங்கள். ‘பெர்மிஷன் டினைட்’ என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தால்தான் அடுத்த படி.

“எதையும் அழிக்காதே என்று ஏஐயிடம் சொன்னால் போதாதா?” போதாது. போஸ்ட்கிரெஸுக்காக முன்மாதிரியாக முதலில் வந்த எம்சிபி சர்வர் (ஏஐயை டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல், படி 2இல் வரும்) ஒவ்வொரு க்வெரியையும் ‘ரீட் ஒன்லி’ (படிக்க மட்டும்) டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்துத்தான் ஓட்டியது. க்வெரியின் தொடக்கத்தில் ‘கமிட்’ (அந்த வேலியை முடித்துவைக்கும் கட்டளை), ஒரு அரைப்புள்ளி, அப்புறம் ‘டிராப்’ (அழிக்கும் கட்டளை) என்று எழுதினால் அந்த வேலி தாண்டப்பட்டுவிடும் என்பது 2025இல் வெளியே வந்தது. டேபிளில் யாரோ ஒரு வாடிக்கையாளர் எழுதிய புகார் வரிக்குள்ளேயே ஏஐக்கான கட்டளை ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ரோலுக்கு உரிமையே இல்லை என்றால் இரண்டு வழியிலும் எதையும் அழிக்க முடியாது. படிக்கக்கூடியதை வெளியே கசியவிடுவதை இது தடுக்காது, அதனால்தான் உண்மையான தரவு வேண்டாம் என்றேன்.

படி 2: எம்சிபி சர்வர்

எம்சிபி என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது. ஏஐக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்து, கேட்கப்படும் க்வெரியை ஓட்டி விடையைத் திருப்பித் தரும். பைட்பேஸ் நிறுவனத்தின் டிபிஹப் என்ற எம்சிபி சர்வர் நல்ல தேர்வு, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர். தனியாக நிறுவவும் வேண்டாம், நோட் ஜேஎஸோடு வரும் என்பிஎக்ஸ் வழியாகவே ஓடும்.

அதற்குக் கொடுக்கவேண்டிய முகவரி இந்த வடிவில் இருக்கும் (நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்து):

போஸ்ட்கிரெஸ்://வாசகன்:கடவுச்சொல்@லோக்கல்ஹோஸ்ட்:5432/பகிலா

கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அந்த இடத்தில் %40 என்று போடுங்கள், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொண்டு முழிக்கும். எம்சிபி சர்வரை டாக்கருக்குள் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்களுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல.

படி 3: கருவியில் சேர்ப்பது

கர்சரில் புராஜெக்ட்டுக்குள் இருக்கும் ‘.கர்சர்’ ஃபோல்டரில் எம்சிபி ஜேசன் ஃபைல், விஎஸ் கோடில் ‘.விஎஸ்கோட்’ ஃபோல்டரில் அதே பெயரில். கிளாட் கோடில் டெர்மினலிலேயே ‘எம்சிபி ஆட்’ கட்டளை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காப்பி அடிக்காதீர்கள்: கர்சரில் ஃபைலின் மேல்மட்டச் சாவியின் (கீ) பெயர் ‘எம்சிபி சர்வர்ஸ்’, விஎஸ் கோடில் வெறும் ‘சர்வர்ஸ்’. கடவுச்சொல் இருப்பதால் இந்த ஃபைலை கிட் இக்னோரில் போட்டு, பகிரும் கோடோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சோதனை

“என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன?” என்று தொடங்குங்கள். அப்புறம், “ஒருமுறைகூட வாடகைக்குப் போகாத படங்கள் எத்தனை?” விடை 42 வரவேண்டும். அந்த 42 படங்களுக்கும் கடையில் பிரதியே கிடையாது. ஏஐ இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் சேர்ப்பது) போட்டு இன்வென்டரி (கடையில் உள்ள பிரதிகள்) டேபிள் வழியாகத் தேடினால் அவை கண்ணில் படாமலே போய்விடும், தவறான எண்ணை அடித்துச் சொல்லும். டேபிள்களைப் பார்க்க முடிகிறது என்பதற்காக க்வெரி சரியாக இருக்கும் என்று இல்லை, விடையோடு எழுதிய எஸ்க்யூஎல்லையும் காட்டச் சொல்லி, ஜாயின் வரியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.