ஸ்டேல் ஆன மிரர் டிஸ்க்: என் அனுபவம்

ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யுனிக்ஸ்) சர்வர் ஒன்றில், இரண்டு டிஸ்க்கில் மிரர் செய்திருந்த, அதாவது ஒரே டேட்டாவை இரண்டிலும் பிரதியாக வைத்திருந்த வால்யூம் குரூப்பை (டிஸ்க்குகளின் தொகுப்பை) காலையில் வழக்கம்போல அதன் நிலையைக் காட்டும் எல்எஸ்விஜி கட்டளை கொடுத்துப் பார்த்தால், ஸ்டேல் பிபி (இன்னொரு பிரதியோடு ஒத்துப்போகாமல் பழசாகிவிட்ட டிஸ்க் துண்டுகள்) என்ற இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 212 என்று இருந்தது. அப்ளிகேஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருக்கும் ஒரே நல்ல பிரதியை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது என்று புரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

எடுத்தவுடன், பழசான பிரதியை நல்ல பிரதியோடு ஒத்துப்போக வைக்கும் சிங்க்விஜி கட்டளையைக் கொடுத்தேன். எரர் வந்தது. முதலில் எரர் லாக்கைப் பார்த்திருக்க வேண்டும்: இரவில் இரண்டாவது டிஸ்க்குக்குப் போகும் கேபிள் இணைப்பு விட்டுப்போய், எல்விஎம் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஏஐஎக்ஸின் பகுதி) அந்த டிஸ்க்கை மிஸ்ஸிங் என்று ஒதுக்கிவிட்டது. ஒதுக்கிய டிஸ்க்கில் அது எதையும் எழுதாது, அப்புறம் எப்படி சிங்க் ஆகும்?

கேபிளை மாற்றி, டிடி கட்டளையால் டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் படித்துப் பார்த்தேன், தடங்கலில்லை. பிறகு, வால்யூம் குரூப்பை ஆன் செய்யும் வேரிஆன்விஜி கட்டளை. குரூப் ஏற்கெனவே ஆனில் இருந்தாலும் இதைக் கொடுக்கலாம், அப்ளிகேஷனை நிறுத்த வேண்டியதில்லை. டிஸ்க்கைத் திரும்ப ஆக்டிவ் ஆக்கி, சிங்க்கையும் அதுவே தொடங்கிவிடும். பிபிக்குள் ஒரு பிளாக் மாறியிருந்தாலும் முழு பிபியும் ஸ்டேல்தான், எங்களுடைய பிபி ஒவ்வொன்றும் 256 எம்பி, அதனால் பொறுமை வேண்டும். 212, 180, 95 என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கேபிளை மாற்றிய பிறகும் டிடி படிக்கும்போதே எரர் வந்தால் பெரும்பாலும் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம். சரி, அப்போது மட்டும் அன்மிரர்விஜி (கெட்ட டிஸ்க்கிலுள்ள பிரதியை நீக்க), ரெடியூஸ்விஜி (அந்த டிஸ்க்கைக் குரூப்பிலிருந்து எடுக்க), புது டிஸ்க்கைக் குரூப்பில் சேர்ப்பது, மிரர்விஜி (மறுபடி மிரர் செய்ய) என்று போங்கள்.