ஒற்றைக் கொம்பு ஆட்டை விட்டுவிடாதீர்கள்: செங்டு தாவோ கோவிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் செங்டுவுக்குப் போகிறவர்கள் பாண்டா பார்த்த கையோடு சிங்யாங் கோங் என்ற தாவோ கோவிலுக்குள் நுழைந்து, நாலு போட்டோ எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் தப்பே அந்த அரை மணிதான்.

அடுத்தது, இதைப் புத்தர் கோவில் என்று நினைத்துக்கொள்வது. அதே ஊரில் உள்ள வென்ஷு மடம்தான் பௌத்தம். இங்கே பெரிய மண்டபத்தில் இருக்கும் மூன்று பேர் சீனாவின் பழைய மதமான தாவோ மதத்தின் உயர்ந்த தெய்வங்களான ‘மூன்று தூயவர்கள்’, அதில் ஒருவர் அந்த மதத்தின் ஆதி ஞானி லாவோட்சு. அவர் மேற்கே கிளம்பும்போது, ‘ஆயிரம் நாள் கழித்து பச்சை ஆட்டுச் சந்தையில் வந்து என்னைத் தேடு’ என்று எல்லைக் காவலர் யின் ஷியிடம் சொன்னாராம்; சிங்யாங் என்றால் பச்சை ஆடு, கோவிலின் பெயரே அந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

அந்த மண்டபத்தின் முன்னால் இரண்டு வெண்கல ஆடுகள் இருக்கின்றன. இரட்டைக் கொம்பு ஆடு 1829-இல் வார்த்தது, பார்க்க சாதாரண ஆடுதான். ஒற்றைக் கொம்பு ஆடு 1723-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்தது. இதைத்தான் பலர் சும்மா தடவிவிட்டுப் போகிறார்கள்! நின்று பாருங்கள்: எலிக் காது, மாட்டு மூக்கு, புலி நகம், பாம்பு வால், பன்றிப் பின்புறம் என்று சீன ராசியின் பன்னிரண்டு விலங்குகளும் ஒரே ஆட்டுக்குள் இருக்கின்றன. உடம்பில் எங்கே வலிக்கிறதோ ஆட்டின் அதே இடத்தைத் தொட்டால் சரியாகும் என்று நம்பிக்கை, அதனால் வெண்கலம் தேய்ந்து பளபளக்கிறது. வரிசை இருந்தால் காத்திருங்கள், பாட்டிமார் ரொம்ப நேரம் தடவுவார்கள்.

அப்புறம், வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், நம் வீட்டில் பாட்டி சொல்வது போலத்தான். ஊதுபத்தி மூன்று போதும், கட்டுக்கட்டாக வேண்டாம். தீயை வாயால் ஊதி அணைக்காமல் கையால் விசிறி அணையுங்கள். வணங்கும்போது நாம் பழக்கத்தில் கைகூப்பிவிடுவோம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் தாவோ முறை வலது கையை இடது கையால் பொதிந்து பிடிப்பது. கொண்டை போட்ட துறவியிடம் பேசினால் ‘தாவோஜாங்’ என்று கூப்பிடலாம். மண்டபத்துக்குள் சாமி சிலையைப் படம் எடுக்காதீர்கள், துறவியையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

எண்கோண மண்டபத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். அதில் 81 டிராகன்கள் என்பார்கள், லாவோட்சு எழுதியதாகச் சொல்லும் ‘தாவோ தே ஜிங்’ நூலின் அத்தியாயங்களும் 81. எண்ணிப் பார்க்க ஆரம்பித்தால் கழுத்துதான் வலிக்கும்.

சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் நெரியும், புகையில் கண் எரியும். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் காலையில் போங்கள், வாசலுக்கே மெட்ரோ இருக்கிறது.