பூச்சிக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மருந்து அடிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைக்கும் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இரண்டு பெட்ரூம் வீடு, மருந்து அடிக்க எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். மறுமுனையில் இருப்பவரும் எந்தப் பூச்சி, எங்கே தென்படுகிறது, எத்தனை நாளாக என்று விசாரிக்காமல் ஒரு தொகையைச் சொல்லி, மறுநாளே ஆளை அனுப்பிவிடுகிறார். கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி, எலி ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து என்று ஒன்று கிடையாது. ஒன்று மண்ணிலிருந்து வருகிறது, ஒன்று சாக்கடையிலிருந்து வருகிறது, ஒன்று பயணப் பெட்டியோடு வருகிறது. ஆகவே வீட்டை நேரில் பார்க்காமலே விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கதவு நிலைக்கு அடியில் தூள் கொட்டிக் கிடப்பதைக் கண்டதும் கரையான் என்று முடிவு கட்டுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர் வீடுகளைத் தின்னும் நிலத்தடிக் கரையான் தூள் கொட்டாது. மண்ணைக் குழைத்துச் சுவரோரம் பென்சில் பருமனில் பாதை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடமாடும். மரத்தில் சிறுசிறு துளைகளும் அவற்றிலிருந்து மென்மையான மாவுத்தூளும் வந்தால், அது மரம் துளைக்கும் வண்டின் வேலை. கசகசா போல மணிமணியாக எச்சம் உதிர்ந்தால், மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையானாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மரத்தில்தான் சிகிச்சை செய்ய வேண்டும். தரையைத் துளையிட்டு மண்ணில் மருந்து செலுத்துவதால் எந்தப் பயனும் இல்லை என்றாலும், அப்படிச் செய்துவிட்டு ஐந்தாண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே நிலத்தடிக் கரையான்தான் என்றால், அந்த மண்பாதையைத் துடைப்பத்தால் இடித்துத் தள்ளி மண்ணெண்ணெய் ஊற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். கூட்டம் மண்ணுக்கடியில் இருக்கிறது. சில நூறு வேலைக்காரக் கரையான்கள் செத்தாலும் மற்றவை சுவருக்குள் வேறொரு வழியைப் பிடித்துக்கொள்ளும். பார்வையிட வருபவருக்கு அவை எங்கிருந்து ஏறுகின்றன என்பதைக் காட்டக்கூடிய ஒரே தடயமும் அழிந்துவிடும். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான் என்றாலும், மழைக்குப் பிறகு வெளியிலிருந்து விளக்கைத் தேடி வரும் ஈசலைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் ஈசல் வீட்டுச் சுவரின் விரிசலிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ புறப்படுமானால், கூட்டம் கட்டடத்துக்குள்ளோ அதை ஒட்டியோ குடியிருக்கிறது என்று பொருள்.

கட்டி முடித்த வீடுகளில் இதற்கான சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டை ஒட்டிச் சுமார் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் அகலத் துளையிட்டு, மண் குடிக்கும் வரை மருந்தைச் செலுத்திய பின் துளையை அடைக்க வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் துளைகளின் இடைவெளியை இரண்டடி, மூன்றடி என்று கூட்டிவிடுவது வழக்கமாக நடக்கும் ஏமாற்று. ஓர் அளவுநாடா இருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தரைக்கடியில் செல்லும் இடங்களை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். குடிநீர் சம்ப்பும் கிணறும் எங்கே இருக்கின்றன என்று கேட்காமல் துளையிடத் தொடங்குபவரை, தயக்கமில்லாமல் நிறுத்துங்கள்.

புதிதாக வீடு கட்டுபவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. அடித்தளத்தில் கரையான் மருந்து தெளிப்பதைக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, தெளிக்கும் நாளில் எவரும் அங்கே நிற்பதில்லை. கணக்கு மிக எளிது. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி., அதாவது 20 சதவீத வீரியமுள்ள கரையான் மருந்து என்றால், ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்து ஒரு சதவீதக் கரைசலாக்க வேண்டும். தளம் போடுமுன் நிரப்பிய மண்ணின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் விழ வேண்டும். நூறு சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடித் தளத்துக்கு மட்டும் 500 லிட்டர் கரைசல் தேவை. அதற்கு 25 லிட்டர் மருந்து வேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றோடு வந்து அரை மணி நேரத்தில் முடித்துச் செல்பவர் தண்ணீரைத்தான் தெளித்திருக்கிறார். அதோடு, மருந்து விழுந்த மண்ணைப் பிறகு குழாய் பதிக்கவோ மரம் நடவோ தோண்டினால் அந்த இடத்தில் தடுப்பு அறுந்துவிடும். அங்கே மீண்டும் மருந்து இட்டாக வேண்டும்.

இனி எலிக்கு வருவோம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பெஸ்ட் கன்ட்ரோல் பணியாளர்கள் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துச் சென்ற பிறகு, ஏசி போட்டுக் கதவுகளை அடைத்து உறங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்; பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எலி மருந்து தின்றால்தான் ஆபத்து என்ற நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை இதைவிடக் கொடுமையாக எதுவும் காட்டிவிட முடியாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அந்த வாயு கதவிடுக்கு, குழாய்த் துளை வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும்கூடப் பரவும். அந்த நச்சை முறிக்கும் மருந்து கிடையாது. தானியக் கிடங்குகளில், அரசு அங்கீகாரமும் பயிற்சியும் பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள் அது. மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில் மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ அதை வைக்க எவர் முன்வந்தாலும், இலவசமாகவே என்றாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அதை உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள் நலமாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்துபோகும் கொடுமையை நம் அரசு மருத்துவமனைகள் பலமுறை கண்டிருக்கின்றன. வீடுகளுக்கு ஏற்றது, புரோமடியோலோன் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த 0.005 சதவீத எலி கேக்தான். எலி சாகச் சில நாட்கள் ஆகும் என்பதால் பலர் அது வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கடும் நஞ்சுக்குத் தாவுகிறார்கள். இதன் நச்சை முறிக்க வைட்டமின் கே1 என்ற மருந்து இருக்கிறது என்பதே இதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். இதையும் பூட்டிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். எந்த மருந்தை வைத்தாலும் அதன் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். இவ்வளவு செய்தும், ஏசி குழாய் நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் அடுத்த எலி வந்துகொண்டேதான் இருக்கும். அரை அங்குல இடைவெளி எலிக்குப் போதும். சுண்டெலிக்கு அதில் பாதியே போதும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஜி.எஸ்.டி. எண்ணையும் கடை உரிமத்தையும் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வேளாண்மைத் துறை வழங்கும் உரிமம் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்குத் தனியாக வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. மருந்து எதுவாயினும் அதன் அசல் டப்பாவோடு வர வேண்டும், உங்கள் கண்முன் கலக்கப்பட வேண்டும். லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரும் மருந்து எதுவென்று யாருக்கும் தெரியாது. மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால்தான் மருந்து வீரியமானது என்ற நம்பிக்கையும் கைவிடப்பட வேண்டியது. அப்படி வாடையடித்து, வீடுகளில் ஏராளமாகத் தெளிக்கப்பட்டுவந்த டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மறுபுறம், மூலிகை மருந்து என்ற சொல்லை நம்பி, கைக்குழந்தை இருக்கும் அறையிலேயே தெளிக்க விடுவதும் தவறுதான். மீன்தொட்டி இருந்தால் மூடினால் மட்டும் போதாது, காற்று பம்பையும் நிறுத்த வேண்டும். வீடுகளில் பரவலாகத் தெளிக்கப்படும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகள் மீன்களுக்கு மிகக் கொடியவை.

சமையலறையில் திரியும் சிறிய பழுப்புநிறக் கரப்பானுக்கு இன்று சிறந்த வழி, நஞ்சு கலந்த இரைப்பசையான ஜெல். அதை வைத்த மறுநாளே, ஒன்றிரண்டு கரப்பான் தென்பட்டதென்று அதே கப்போர்டில் ஸ்பிரே அடிப்பவர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரேயின் வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஜெல்லைத் தின்ற கரப்பான் பொந்துக்குத் திரும்பிச் சாக, அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். ஸ்பிரே இந்தச் சங்கிலியையே அறுத்துவிடுகிறது. பெண் கரப்பான் முப்பது, நாற்பது முட்டைகள் கொண்ட பையைப் பொரிக்கும் வரை சுமந்து திரிவதால், தெளித்த அன்று தப்பிய ஒன்றே போதும். கப்போர்டு கீல், சிங்க்கின் அடிப்புறம், ஃப்ரிட்ஜ் மோட்டாரின் பின்புறம் என்று வெதுவெதுப்பான இடுக்குகளில் மிளகளவு புள்ளிகளாக வைத்து, பிறகு அவற்றைத் துடைக்காமல் விட வேண்டும். பெரிய சிவப்புக் கரப்பான் என்றால் பிரச்சினை சாக்கடையில் இருக்கிறது. குளியலறை வடிகாலின் சல்லடையைச் சரிசெய்யாமல் உள்ளே ஜெல் வைப்பதில் பயனில்லை.

மூட்டைப்பூச்சிக்கு ஒருமுறை மருந்து அடித்ததோடு நிறுத்துவது தோல்வியில்தான் முடியும். தெளிக்கும் மருந்துக்குத் தப்பும் முட்டைகள் ஓரிரு வாரங்களில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வருமுன் இரண்டாம் முறை வந்தாக வேண்டும். மேன்ஷன், மாணவர் விடுதி போன்ற இடங்களில் புகார் சொன்னவரின் அறைக்கு மட்டும் அடிப்பதும், மெத்தையைத் தூக்கி அடுத்த அறையில் போடுவதும் பூச்சியைப் பரப்பும் வேலைகள். கொசுவுக்குப் புகை அடிப்பது அன்று பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும் என்பதால், ஃப்ரிட்ஜ் பின்தட்டிலும் மாடியில் கிடக்கும் டயரிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டாமல் புகைக்குச் செலவிடுவது வீண்.

உணவகம், பேக்கரி, அரிசிக் கடை நடத்துபவர்களுக்குப் பூச்சிக் கட்டுப்பாடு விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை அதைக் கட்டாயமாக்குகிறது. ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுவதற்கென்று ஆண்டு ஒப்பந்தச் சான்றிதழை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டுவது பரவலாக இருக்கிறது. பயன்தருவது பொறிகளின் வரைபடமும் வருகைக் குறிப்பேடும்தான்: எந்த எண்ணுள்ள பெட்டியில் எத்தனை எலி அகப்பட்டது, எந்த வாரத்தில் கூடியது என்று எழுதப்பட்டிருந்தால், பின்வாசல் ஷட்டரின் அடியில் உள்ள இடைவெளிதான் காரணம் என்று கண்டுபிடிக்க முடியும். நஞ்சு வைத்த பெட்டிகள் கட்டடத்துக்கு வெளியே பூட்டப்பட்டிருக்க வேண்டும். சமைக்கும் இடத்தினுள் பொறி மட்டுமே இருக்கலாம். நீலவிளக்கு ஈப்பொறியைச் சமையல் மேடைக்கு நேர் மேலே தொங்கவிட்டால், செத்த ஈயின் துணுக்குகள் உணவில்தான் விழும். வாசலுக்கு நேரே வைத்தால் தெருவில் உள்ள ஈயையும் அது உள்ளே அழைக்கும். அதன் குழல்விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் ஈயை ஈர்க்கும் புற ஊதாக் கதிர் ஓராண்டுக்குள் தளர்ந்துவிடுவதால், மாற்றிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டி, ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும்.