போலிப் பத்திரம்: ரத்து வழக்கா, விளம்புகை வழக்கா?

உங்கள் நிலத்துக்கு வேறொருவர் கிரயப் பத்திரம் பதிந்திருப்பது வில்லங்கச் சான்றில் தெரிகிறதா? முதலில் நகல் எடுத்து, எழுதிக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள்.

நீங்களே கையெழுத்திட்டு, அது மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியது என்றால், தனிக்குறை தீர்வுச் சட்டம் (Specific Relief Act) 31ஆம் பிரிவில் ரத்து கேட்க வேண்டும். நீங்கள் அதில் தரப்பினரே இல்லை என்றால் ரத்து தேவையில்லை; அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்டால் போதும். சுஹ்ரித் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். நீதிமன்றக் கட்டணமும் இதைப் பொறுத்தே மாறும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். நிலம் எதிராளியின் சுவாதீனத்தில் இருக்கும்போது வெறும் விளம்புகை மட்டும் கேட்டால், அதே சட்டத்தின் 34ஆம் பிரிவின் வரம்புரையை (நிபந்தனை வாசகத்தை)க் காட்டியே வழக்கு தள்ளுபடியாகும். சுவாதீன மீட்பையும் பிராதிலேயே (வழக்கு மனுவிலேயே) சேருங்கள். நிலம் உங்கள் கையில் இருந்தால் விளம்புகையோடு நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) கேளுங்கள். உரிமையே தகராறில் இருக்கையில் உறுத்துக்கட்டளை மட்டும் போடுவது வீண் செலவு. பட்டாவை வைத்து உரிமையை நிரூபிக்கவும் முடியாது, தாய்ப் பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) வேண்டும்.

ரத்துக்குக் காலவரம்பு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ஆகவே வில்லங்கச் சான்று எடுத்த தேதி தெரியும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பிராதின் சொத்து விவரத்தில் சர்வே உட்பிரிவு எண், நான்கெல்லை, நீங்கள் எதிர்க்கும் பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவகம் எல்லாம் வரவேண்டும்.