பால் ஆலை பெரிதாகும்போது ஆற்றைக் கவனிக்கும் விதம்

எங்கள் ஊர்ப் பால் ஆலை பெரிதானால் நாங்கள் கறக்கும் பாலுக்கு நல்ல விலை வரும், எனக்கும் அது வேண்டும். ஆனால் ஆலையில் பால் தொட்டி கழுவிய தண்ணீர் மட்டக்களப்பு முந்தனை ஆற்றில் விழக்கூடாது. ஒரு லீற்றர் பால் சிதைய ஏறக்குறைய 1,00,000 மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும். அது ஆற்றுத் தண்ணீரிலிருந்தே போவதால் மீனுக்கு மூச்சு முட்டிவிடும்.

தொட்டி கழுவும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போதுதான் வெள்ளைத் தண்ணீர் வரும். ஆலைத் தண்ணீர் ஆற்றில் விழும் குழாய்க்கு மேற்புறம் ஒரு போத்தல், கீழ்ப்புறம் ஒரு போத்தல் அள்ளி மூடிவையுங்கள். மறுநாள் கீழ்ப்புறத்துப் போத்தலில் மட்டும் புளித்த நெடி அடிக்கிறதா? விடியலில் மீன் வாய் பிளந்து மேலே வருகிறதா என்று வலை வீசுபவர்களிடமும் விசாரியுங்கள்.

அப்புறம் திகதி, நேரம், படத்தோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதி, ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் கழிவுநீர்ச் சோதனை முடிவையும் கேளுங்கள்.