கொசுவலை கட்டியும் குழந்தையைக் கொசு கடிக்கிறதா?

சென்னையில் குழந்தை பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது அந்தக் குடை மாதிரி விரியும் கொசுவலையைக் கொடுத்துவிட்டுப் போவார். அதனால் வலை இல்லாத வீடு குறைவு. அப்படியும் காலையில் குழந்தையின் கன்னத்திலும் காலிலும் தடிப்பு இருந்தால், வலையைக் குறை சொல்வதற்கு முன் அதை எத்தனை மணிக்கு இறக்குகிறீர்கள், ஓரத்தை என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள்.

மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் பெண் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். நம் வீட்டில் குழந்தை எட்டு மணிக்கே ஹாலில் டிவி சத்தத்துக்கு நடுவே தூளியில் தூங்கிவிடும், பெரியவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப்போட்டு, பதினோரு மணிக்குப் படுக்கப் போகும்போதுதான் அதைத் தூக்கி வலைக்குள் போடுவார்கள். நடுவில் அந்த மூன்று மணி நேரம்? பழைய நூல் புடவைத் தூளி கொசுவுக்கு ஒரு தடையே இல்லை. குழந்தை எங்கே தூங்குகிறதோ அங்கே வலை வேண்டும், தூளியென்றால் முழுவதும் மூடிக் கீழே சேர்த்துக் கட்டும் அளவுக்குப் பெரியதாக. கரண்ட் போனதும் காற்றுக்காக மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோமே, அங்கேயும் இதே கதைதான்.

அப்புறம் ஓரம். பாயில் படுக்கிறவர்கள் வலையைத் தரையில் சும்மா விட்டுவிடுகிறார்கள், நடு ராத்திரி ஒருவர் எழுந்து போய் வந்தால் போதும், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். குழந்தை உருண்டுபோய் வலையில் ஒட்டிப் படுத்தால் கொசு வெளியில் உட்கார்ந்தபடியே கடிக்கும், ஆகவே வலை விசாலமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். தொளதொளவென்று முகத்தில் விழும் வலை மூச்சுக்கும் ஆபத்து.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மருந்தேற்றாத வலை. மருந்தேற்றியதில் உட்காரும் கொசு செத்துவிடும், ஆனால் அதைச் சோப்புத்தூளில் ஊறவைத்து மாடி வெயிலில் காயப்போட்டால் மருந்து வீணாகிவிடும். மென்மையான சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழல், அவ்வளவுதான்.

இன்னொன்று, எல்லாரும் சாக்கடையையே திட்டுகிறோம். சாக்கடைக் கொசு க்யூலெக்ஸ், அது மலேரியா பரப்பாது. சென்னையில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி நல்ல தண்ணீரில் முட்டையிடும்: மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டுமிடத்தில் தேங்கிய தண்ணீர். தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அனாஃபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. இரண்டில் எது இருந்தாலும் தொட்டியைக் கழுவி, இடைவெளியில்லாமல் மூட வேண்டியதுதான். மலேரியா ராத்திரிக் கொசு என்பதற்காகப் பகல் தூக்கத்தில் வலையைச் சுருட்டி வைக்காதீர்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில்தான் கடிக்கும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு மலேரியாவைத் தாங்கும் எதிர்ப்பாற்றல் இருக்காது. ஆப்பிரிக்காவில் அந்த நோயில் இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு 5 வயதுக்கு உட்பட்டவர்கள். மலேரியாக் கிருமியில் பல வகை உண்டு, அங்கே அதிகம் ஃபால்சிபாரம் என்ற வகை. சென்னையில் பெரும்பாலும் விவாக்ஸ் என்ற வகை, அந்த அளவு கொல்லாது என்றாலும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர், நடுக்கம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் என்று பெரியவர்களுக்கு வருவது போலவே குழந்தைக்கும் வரும் என்று காத்திருப்பது பெரிய தவறு. வெறும் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது, இவ்வளவுதான் தெரியும். பாராசிட்டமால் கொடுத்து நாளைத் தள்ளாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள்.

விவாக்ஸ் என்று வந்தால் குளோரோகுயின் 3 நாள், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்குப் பிரைமாகுயின் 14 நாள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பிரைமாகுயின் தர மாட்டார்கள், அதனால் பெரியவர்களுக்குக் கொடுத்து மிச்சமானதை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் சில மாதம் கழித்துக் கடியே இல்லாமல் மறுபடி காய்ச்சல் வரும். அப்போது டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, முன்பு மலேரியா வந்ததைத்தான்.